கம் லாடே: புகழொடு பெற்ற பட்டம்

அமெரிக்காவில் படித்தவர்களின் தன்விவரக் குறிப்பைப் பார்த்தால், பட்டத்தின் பெயரை அடுத்துச் சாய்வெழுத்தில் கம் லாடே, மாக்னா கம் லாடே, சும்மா கம் லாடே என்று ஏதாவது ஒன்று இருக்கும். மூன்றும் லத்தீன் தொடர்கள்; படிப்பில் சிறந்து விளங்கியவர்களுக்குப் பட்டத்தோடு தரும் சிறப்பின் மூன்று படிகளைக் குறிப்பவை.

'கம்' என்றால் உடன். புகழைக் குறிக்கும் 'லாவுஸ்' என்ற சொல் வேற்றுமை ஏற்று 'லாடே' ஆகிறது. 'மாக்னா' என்றால் பெரிய. வடமொழி 'மகா'வும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. 'சும்மா' என்றால் உச்சமான. நம் பேச்சில் வரும் சும்மாவுக்கும் இதற்கும் ஒலியைத் தவிர வேறு உறவில்லை.

அமெரிக்காவில் இந்த வழக்கத்தை வளர்த்தது ஹார்வர்ட் பல்கலைக்கழகம். 1872 முதல் 1879 வரை அங்கே கம் லாடே, சும்மா கம் லாடே என்று இரண்டு படிகள்தான். 1880-இல் மாக்னா நடுவே நுழைந்தது. ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கும் இதே சொற்கள் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'முதல் வகுப்பு' என்று பெயர்க்கிறார்கள். அது மதிப்பெண்ணைப் பிரிக்கும் வேறொரு முறை. 'தங்கப் பதக்கம்' இன்னும் தவறு. பதக்கம் பெரும்பாலும் முதலிடம் பிடித்த ஒருவருக்குப் போகும். கம் லாடேவோ வரம்பைத் தொட்ட எல்லோருக்கும் உரியது. இலங்கைத் தேர்வுகளில் வழங்கும் 'திறமைச் சித்தி' அழகான சொல், ஆனால் அது ஒரு பாடத்தில் பெற்ற தேர்ச்சியைச் சொல்வது.

நமக்கான சொல்லை வள்ளுவரே வைத்திருக்கிறார். 'தோன்றின் புகழொடு தோன்றுக' என்கிறாரே, அந்தப் 'புகழொடு'தான் கம் லாடே. லத்தீன் 'கம்' செய்யும் வேலையை நம் மூன்றாம் வேற்றுமை 'ஒடு' அப்படியே செய்கிறது. இவ்வளவு கச்சிதமாக ஒரு மொழிபெயர்ப்பு அமைவது அபூர்வம். புகழொடு, பெரும்புகழொடு, உச்சப்புகழொடு என்று மூன்று படிகளையும் தயங்காமல் எழுதலாம். விழா மேடையில் ஒருவரை அறிமுகம் செய்யும்போது 'பெரும்புகழொடு பட்டம் பெற்றவர்' என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

ஆங்கிலத் தன்விவரத்தில் மட்டும் லத்தீன் தொடரை அப்படியே எழுதுங்கள். பட்டம், பாடம், உடனே இந்தத் தொடர், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் (lowercase), அவ்வளவுதான். பட்டச் சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ அச்சாகியிருந்தால்தான் போட வேண்டும். நல்ல சராசரி இருக்கிறதே என்று நாமாகச் சேர்ப்பது பொய்த் தகவல் ஆகிவிடும். ஏனென்றால் வரம்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல: சில கல்லூரிகள் சராசரிப் புள்ளியை வைத்துத் தீர்மானிக்கின்றன, சில அந்த ஆண்டு மாணவர்களில் முன்னணியில் உள்ள இத்தனை விழுக்காட்டினருக்கு என்று வைக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) இதைத் தருவதே இல்லை. இந்தியாவில் வேலைக்கு விண்ணப்பித்தால், உங்கள் கல்லூரியின் வரம்பு என்ன என்று பக்கத்திலேயே அரை வரி சேர்த்துவிடுங்கள். படிப்பவருக்கு அப்போதுதான் அதன் மதிப்பு தெரியும்.

அப்புறம், 'ஹோனரிஸ் காசா' என்ற தொடரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் பொருள் 'மதிப்பின் பொருட்டு'. தேர்வு எழுதாமல், ஒருவரது பணியைப் போற்றித் தரும் பட்டம் அது; தமிழில் 'மதிப்புறு முனைவர்' என்று நிலைத்துவிட்டது. தன்விவரத்தில் அதைக் கல்வித் தகுதியின் கீழ் எழுதாமல் விருதுகளின் கீழ் எழுத வேண்டும்.