படுத்தால் தொடங்கும் கால் உளைவு

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் பெரும்பாலும் ஒருவராவது இப்படி இருப்பார். காலை நீட்டுவார், மடக்குவார், கெண்டைக்காலைப் பிசைவார், கடைசியில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்டால் "கால் உளையுது" என்பார். வலியா என்றால், அதுவும் இல்லை. உள்ளே ஏதோ ஊருது, இழுக்குது, அசைக்காமல் இருக்க ஏலாது.

இந்தத் தொல்லையை 1672இலேயே தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிவைத்தார். 1945இல் சுவீடனின் நரம்பியல் மருத்துவர் எக்போம் அதை விரிவாக ஆராய்ந்து 'அமைதியற்ற கால்கள்' என்று பெயரிட்டார். சாதுவான பெயர்தான், ஆனால் நித்திரையைக் கெடுப்பதில் சாதுவானதல்ல.

இதை அடையாளம் காண, எங்கே உளைகிறது என்பதைவிட எப்போது உளைகிறது என்று கேட்க வேண்டும். நாள் முழுக்க வயலில் நின்ற காலின் உளைவு படுத்தால் ஆறும். இது படுத்தால்தான் தொடங்கும். எழுந்து முற்றத்தில் நாலு எட்டு நடந்தால், நடக்கும்வரை அடங்கும். பொழுதுபட்டபின் கூடும், விடியலில் தணியும். சதைப்பிடிப்பு என்றால் தசை கல்லாக இறுகி உயிர்போக வலிக்கும். இதில் அப்படி இறுகாது. நீரிழிவால் வரும் கால் எரிவோ பொதுவாக நடந்தாலும் போகாது.

கோளாறு காலில் இல்லை, மூளையில். அசைவைக் கட்டுப்படுத்தும் டொபமைன் என்ற மூளை இரசாயனத்தை உருவாக்க இரும்பு வேண்டும். மூளையில் இரும்பு குறைந்தால் டொபமைன் ஒழுங்கும் குழம்புகிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் கையிருப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது பெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை. இந்த நோய் உள்ளவருக்கு அது லீற்றருக்கு 75 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தாலே மருத்துவர்கள் இரும்புச்சத்துக் கொடுப்பதை யோசிப்பார்கள். (சோறு தின்ற கையோடு சாயத் தேத்தண்ணி குடிப்பது நம் வழக்கம். உணவிலுள்ள இரும்பு உடலில் சேர அதுவும் ஒரு தடை.) சோதிக்காமல் இரும்புக் குளிசை விழுங்கக் கூடாது, மிஞ்சினாலும் கெடுதி.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பலருக்கு இது வந்து, பிள்ளை பிறந்தபின் போய்விடும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் அடிக்கடி வரும்.

தடிமனுக்குப் போடும், நித்திரை வரவைக்கும் பழைய வகைக் குளிசைகள் சிலருக்கு இதைக் கூட்டும். கிளினிக்குக்குப் போகும்போது, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, நடந்தால் அடங்குகிறதா என்பதோடு என்னென்ன குளிசை போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வெறும் "கால் வலி" என்றால் வலிக் குளிசையோடு திரும்பி வரவேண்டியிருக்கும்.