மோரிஸ் மைனரின் பிரேக் ஏன் வெடுக்கென்று கவ்வுகிறது?

பெடலில் காலை லேசாக வைத்தாலே வண்டி முன்னால் குத்தி நிற்கிறது. இல்லையென்றால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுக்கிறது. டிரம் பிரேக் உள்ள பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் பழக்கமான தொல்லை இது. மாஸ்டர் சிலிண்டரை (பெடலின் அழுத்தத்தைப் பிரேக் திரவத்துக்குக் கொடுக்கும் உருளை) மாற்று, ஷூ செட்டையே மாற்று என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகவே வேண்டியதில்லை. எங்கேயோ ஓர் இடத்தில் உராய்வு கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தைப் பல மடங்காக்கிக் காட்டுவது டிரம் பிரேக்கின் அமைப்பே.

மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இன்றும் ஓடுகிறது. நான்கு சக்கரத்திலும் லாக்ஹீட் ஹைட்ராலிக் டிரம் பிரேக். முதலில் 7 அங்குல டிரம்; 1962-இல் 1098 சிசி இன்ஜின் வந்தபோது முன்சக்கரங்களுக்கு 8 அங்குலம் ஆனது.

டிரம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூ; அவற்றின் மேல் பதித்த உராய்வுப் பட்டைதான் லைனிங். பிரேக் திரவத்தின் அழுத்தத்தில் வீல் சிலிண்டர் ஷூவின் ஒரு முனையைத் தள்ளும்; மறுமுனை ஊன்றி நிற்கும். டிரம் சுற்றும்போது தள்ளப்படும் முனையை முதலில் கடந்து, பிறகு ஊன்றிய முனைக்கு வந்தால் அது லீடிங் ஷூ. இங்கே டிரம்மின் உராய்வே ஷூவை மேலும் டிரம்முக்குள் இழுத்து அழுத்துகிறது. கதவடியில் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுகிறதே, அந்த மாதிரி. எதிர்த்திசையில் அமைந்த டிரெய்லிங் ஷூவை அதே உராய்வு விலக்கித் தள்ளும்.

மைனரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர். இரண்டு ஷூவுமே லீடிங். பின்சக்கரத்தில் ஒன்று லீடிங், ஒன்று டிரெய்லிங். கால் பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் கிடையாது. ஓட்டுபவரின் கால் பலத்தை மட்டும் வைத்து வண்டியை நிறுத்த வேண்டும் என்பதால் உராய்வையே உதவிக்கு அழைத்திருக்கிறார்கள். அருமையான ஏற்பாடு, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

அந்த விலையை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். சிலிண்டர் 100 கிலோ விசையோடு தள்ளுகிறது என்று வைப்போம். அந்த விசை ஷூ ஊன்றிய இடத்திலிருந்து 2 பங்கு தூரத்திலும், டிரம்மின் அழுத்தமும் உராய்வும் 1 பங்கு தூரத்திலும் வேலை செய்கின்றன என்று கொள்வோம். உராய்வுக் கெழு (உராய்வு எவ்வளவு என்பதைக் காட்டும் எண்) 0.3 என்றால் லீடிங் ஷூவின் பிடி சுமார் 86 கிலோ. 0.4 ஆனால் 133. 0.5 ஆனால் 200. உராய்வு மூன்றில் இரண்டு பங்கு கூடியதற்குப் பிடி இரண்டே கால் மடங்குக்கு மேல் போய்விட்டது! அதே கணக்கில் டிரெய்லிங் ஷூ 46-இலிருந்து 67-க்குத்தான் வரும். சுற்றும் தட்டை இரு பக்கமும் கவ்வும் டிஸ்க் பிரேக்கில் உராய்வு எவ்வளவு கூடுமோ பிடியும் அவ்வளவுதான் கூடும். டிஸ்க்கில் யாரும் கவனிக்காத சின்னக் கோளாறு டிரம்மில் ஸ்டீயரிங்கைப் பிடுங்குவது இதனால்தான்.

சரி, உராய்வு எதனால் கூடுகிறது? மழைக்கால இரவு வெளியே நின்ற வண்டியில் டிரம்மின் உட்புறம் மெல்லிய துரு படியும், லைனிங்கும் ஈரத்தை இழுத்திருக்கும். காலையில் முதல் சில பிரேக் மட்டும் கவ்வி, அப்புறம் தானே சரியாகிவிட்டால் காரணம் இதுதான். அதை விட்டுவிடலாம்.

எண்ணெய் விஷயம் அப்படி அல்ல. எண்ணெய் பட்டால் வழுக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். முழுக்க நனைந்தால் வழுக்கும்தான். ஆனால் கொஞ்சமாகக் கசிந்த எண்ணெய் சூட்டில் கருகிப் பிசுபிசுப்பாகி லைனிங்கைக் கவ்வ வைக்கும். பின்சக்கரத்தில் ஆக்சில் ஆயில் சீல், முன்சக்கரத்தில் ஹப் கிரீஸ், எங்குமே வீல் சிலிண்டர் ரப்பர், இந்த மூன்றையும் சந்தேகப்படுங்கள். பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதே லைனிங்கை மாட்டுகிற வழக்கம் உண்டு. அது வீண் வேலை. லைனிங்கில் நுண்துளைகள் இருப்பதால் உள்ளே போன எண்ணெய் அடுத்த சூட்டில் மறுபடி மேலே வரும். கசிவை அடைத்துவிட்டு, இடம் வலம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே லைனிங் மாற்றுவதுதான் சரி.

டிரம்மைக் கழற்றும் முன் ஓட்டிப் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். வண்டி இடப்பக்கம் இழுத்தால் இடது சக்கரம்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். வலது சக்கரம் பிடிக்காமல் இருந்தாலும் இடப்பக்கம்தான் இழுக்கும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, டிரம்களின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், தொட வேண்டாம். முன்சக்கரம் இரண்டில் ஒன்று சில்லென்று இருந்தால் அதன் சிலிண்டர் இறுகியிருக்கலாம். அடுத்து, காலி மைதானத்தில் மெதுவாக ரிவர்ஸில் ஓட்டிப் பிரேக் போடுங்கள். ரிவர்ஸில் முன்சக்கர ஷூ இரண்டுமே டிரெய்லிங் ஆகிவிடும். கவ்வல் மறைந்தால் கோளாறு முன்சக்கர லைனிங் பரப்பில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். பெடல் இரு திசையிலும் காலில் துடித்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. லேத்தில் கடைய வேண்டும்.

கழற்றியதும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பிறகு லைனிங்கை வெளிச்சத்தில் பாருங்கள். இரு நுனிகள் மட்டும் பளபளவென்று, நடுப்பகுதி தொடப்படாமல் மங்கலாக இருந்தால் லைனிங்கின் வளைவு டிரம்மைவிடப் பெரிது. கடைந்து அகலமான டிரம்முக்காகத் தேய்த்த லைனிங்கைப் புது டிரம்மில் போட்டால் இப்படித்தான் ஆகும். சிலிண்டர் பக்கத்து நுனி முதலில் சிக்கி, ஷூ முழுவதையும் உள்ளே இழுத்துவிடும். அந்த நுனியைச் சில மில்லிமீட்டர் சரிவாக அரத்தால் ராவிவிட்டாலே பல வண்டிகளில் கவ்வல் தணியும். முழுத் தீர்வுக்கு டிரம்மின் அளவுக்கு லைனிங்கைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

ஷூவின் ஓரம் உரசும் பேக் பிளேட்டையும் (ஷூக்களைத் தாங்கும், சுற்றாத பின்தகடு) தடவிப் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டி நின்று, அழுத்தம் கூடியதும் ஒரேயடியாகத் தாவும். பள்ளத்தைச் சமன் செய்து, சூடு தாங்கும் கிரீஸை மிக மெல்லியதாகப் பூசினால் போதும்.

பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால் ஜாக்கில் தூக்கிவைத்து பிளீடிங் நிப்பிளை (திரவத்தை வெளியே விடும் திருகு) திறங்கள். திரவம் பீச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. ஒரு முன்சக்கரம் மட்டும் என்றால் அதன் ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்திருக்கும். நான்கும் என்றால் பெடலின் ஃப்ரீ பிளேயையும் (பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா அசையும் தூரம்), ஓட்டுநரின் காலடியில் தரைக்குக் கீழே உள்ள மாஸ்டர் சிலிண்டரையும் பாருங்கள்.

மாட்டும்போது, மைனரின் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்டர் (ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) என்பதை மறக்க வேண்டாம். டிரம் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சக்கரம் பூட்டும்வரை திருப்பி, தாராளமாகச் சுற்றும் அளவுக்குப் பின்னால் விடுங்கள். பெடலை ஒருமுறை அழுத்தி மறுபடி சரிபாருங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் ஒரு ஷூ முந்தித் தொடும், மறுபடியும் கவ்வும். புது லைனிங் பரப்பு முழுக்கப் படியும்வரை சில நூறு கிலோமீட்டர் மென்மையாகவே பிரேக் போடுங்கள்; அதற்குள் லேசாக ஒரு பக்கம் இழுத்தால் உடனே கழற்ற வேண்டியதில்லை.