கரையோரக் கிணற்றை இன்னும் ஆழமாக்காதீர்கள்

ஆவணி பிறந்தால் இதுவே வழக்கமாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும். உடனே ஆள் பிடித்து, 12 அடியில் நின்ற கிணற்றுக்குள் இன்னும் நாலு கொங்கிறீற் வளையம் இறக்கி 20 அடியாக்குவார்கள். முதற் கிழமை தண்ணீர் தாராளம். அடுத்த மாதம் சவர்க்காரம் நுரைக்காது, மிளகாய்க் கன்றின் இலை ஓரம் கருகும். பிறகு பவுசர் வரும் என்று படலையில் குடம் அடுக்கிவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். முல்லைத்தீவுப் பக்கம் சிலாவத்தை, அலம்பில், செம்மலை, மாத்தளன், சாலை என்று மணல் உள்ள கரையெங்கும் வளவு வைத்திருப்போர் தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள்.

"ஆழத்திலதான் நல்ல ஊற்று" என்ற நம்பிக்கை ஓமந்தைப் பக்கத்துக் கல்நிலத்திலிருந்து வந்தது. அங்கே பாறை வெடிப்புக்குள் தண்ணீர் கிடக்கிறது, ஆழம் போனால் கிடைக்கலாம். கடற்கரை மணலுக்கு இது பொருந்தாது. இங்கே மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் தாங்கும். இந்தக் கணக்குத் திரும்பவும் வேலை செய்யும். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை அரை அடி நிரந்தரமாக இறக்கினால், அடியிலுள்ள உப்பு 20 அடி வரை மேலே ஏறப் பார்க்கும். கிணற்றை ஆழமாக்குகிறவர் உப்புக்குப் பாதி வழி எதிரே போய் நிற்கிறார். மறுபடியும் சொல்கிறேன்: கரை மணலில் நல்ல தண்ணீர் மேலேதான் இருக்கிறது.

உப்பு எவ்வளவு வந்தால் கெடும் என்று கேட்பார்கள். நூறு வாளி நல்ல தண்ணீரில் இரண்டு வாளி கடல்நீர் போதும். குடிநீருக்கான, லீற்றருக்கு 250 மில்லிகிராம் குளோரைட்டு (உப்பின் ஒரு கூறு) என்ற எல்லையை அது தாண்டிவிடும். கொதிக்கவைத்தால் உப்புப் போகாது, இன்னும் செறியும். குளோரின் கிருமிக்கு மட்டுந்தான்.

கடல் மட்டம் உயர்வது இதற்குள் எங்கே வருகிறது? 2006 முதல் 2018 வரை உலகச் சராசரி ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர். சிறிய எண்தான். கடல் ஏறும்போது மேலே மிதக்கும் நன்னீரும் கூடவே எழும்பிச் சமாளிக்கும், எழும்ப இடமிருந்தால். தாழ்ந்த நிலத்தில் அது வாய்க்காலாலும் களப்பாலும் வழிந்து ஓடிவிடும். பிறகு உப்புத்தான் மேலே வரும். கடல் உங்கள் வாசற்படியைத் தொட இன்னும் காலம் இருக்கலாம், கிணற்றின் அடியை முதலில் தொட்டுவிடும்.

அதனால்தான் மணற்றிட்டியை அள்ளிப் போகும் உழவு இயந்திரத்தைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்தத் திட்டிதான் ஊரின் தண்ணீர்த் தொட்டி. உயரமான மணலுக்குள்தான் நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் எழும்பி நிற்க முடியும். மாரியில் நன்றாகப் பெய்தாலும் திட்டி இல்லாத இடத்தில் அது தங்காது. திட்டியைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். குப்பை என்று நெருப்பு வைக்காதீர்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரச் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் கரையோர வலயம். அனுமதி இல்லாமல் அங்கே மண் அள்ளக்கூடாது.

இனிச் செய்ய வேண்டியவை. கோடை முடிவில் இரண்டு, மூன்று அடி தண்ணீர் நிற்கும் ஆழம் போதும், அதற்குமேல் தோண்டாதீர்கள். போதாவிட்டால் பக்கவாட்டில் போங்கள்: கோடை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, துளையிட்ட 4 அங்குல பீவீசீ குழாயைச் சல்லி சுற்றிப் படுக்கையாகப் புதைத்துக் கிணற்றுக்குள் விடுங்கள். மேல்மட்டத் தண்ணீர் மெதுவாக வந்து சேரும். 2 அங்குல மண்ணெண்ணெய்ப் பம் நிமிடத்துக்கு 500 லீற்றர் அளவில் இழுக்கும், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கே அது போதும். அதைக் கரைக் கிணற்றில் வைத்துக் கச்சானுக்கு மணிக்கணக்காக இறைப்பது கொடுமை. அரைக் குதிரைவலு மோட்டர் வையுங்கள், விட்டு விட்டு இறையுங்கள். உறிஞ்சு குழாயின் வாலை அடியில் தொங்கவிடாமல் மிதவையில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே வையுங்கள். மோட்டர் வறண்டு ஓடாமல் மிதவை ஆளியும் வேண்டும்.

ஒரு சின்னச் சோதனை. போத்தலில் கல்லைக் கட்டி, வாயை அடைப்பானால் மூடி, அடைப்பானுக்கு வேறொரு நூல் கட்டுங்கள். அடிக்கு இறக்கி நூலைச் சுண்டி இழுத்தால் அடித்தண்ணீர் நிரம்பும். மேல்தண்ணீரையும் இன்னொரு போத்தலில் எடுங்கள். மின்கடத்துமானியில் (தண்ணீரில் உப்புக் கூடக் கூட எண் கூடிக் காட்டும் கருவி) அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிட நன்றாகக் கூடியிருந்தால் உப்புக் கீழே வந்து நிற்கிறது, நாக்குக்குத் தெரியும் முன்னமே. புரட்டாசிக் கடைசியில் ஒவ்வோர் ஆண்டும் எடுத்துக் கொப்பியில் எழுதிவையுங்கள். பயிருக்கும் இது உதவும்: வேர்மண்ணின் உப்பு மீற்றருக்கு 1.2 டெசிசீமன்சைத் (மின்கடத்தலை அளக்கும் அலகு) தாண்டும்போதே வெங்காயம் விளைச்சலை இழக்கத் தொடங்கும், நெல் 3 வரை பொறுக்கும்.

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கூரைத் தண்ணீரைப் பிடியுங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். ஐந்து பேருக்கு நாளுக்கு 25 லீற்றர் வைத்தால், மார்கழி முடிவில் நிறைந்த 7,000 லீற்றர் தொட்டி 280 நாள் போகும். அடுத்த மாரி தொடங்கும் வரை வருகிறது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

புயலில் கடல் உள்ளே வந்து கிணறு உப்பானால் அவசரப்பட்டு அடிவரை இறைக்காதீர்கள். 2004 கடற்கோளுக்குப் பிறகு நல்ல மனத்தோடு பம் வைத்துத் திரும்பத் திரும்ப வற்ற இறைத்ததில் பல கிணறுகள் அடியிலிருந்து இன்னும் உப்பை இழுத்துக்கொண்டன. சேற்றையும் குப்பையையும் அகற்றுங்கள், ஒருமுறை மெதுவாக இறையுங்கள், இறைத்த தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டாமல் தூரக் கொண்டுபோய் விடுங்கள். பிறகு அதை மழைக்கு விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு மாரி எடுக்கும்.

இந்த ஆவணியில் வளையம் இறக்கக் கூலி பேசியிருந்தால், ஆளை இரண்டு நாள் நிற்கச் சொல்லுங்கள். முதலில் அந்த இரண்டு போத்தல் தண்ணீரையும் அளந்து பாருங்கள்.