களியை மெல்லுவார்களா?

"களிய யாராச்சும் மெல்லுவாங்களா மேடம்?" என்று கேட்டார் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மா. கேட்டது நியாயம்தான். கேழ்வரகுக் களியைக் கிள்ளி, கீரைக் குழம்பில் புரட்டி, பல்லில் படாமல் விழுங்குவதுதான் எங்கள் வட ஆர்க்காட்டுப் பழக்கம். ஆனால் அவருடைய இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சிலிக்கான் வளையம் மாட்டியிருக்கிறது. எடை குறைப்பதற்காகச் சென்னையில் செய்துகொண்ட பேண்ட் ஆபரேஷன். வளையத்துக்கு மேலே மிஞ்சும் சின்னப் பையில் 15 முதல் 30 மில்லிதான் கொள்ளும். காபி டம்ளரில் கால்வாசிகூட இல்லை. அந்தக் குறுகிய வாசலில் ஒரு களி உருண்டை போய் உட்கார்ந்தால் இறங்கவும் இறங்காது, சும்மா இருக்கவும் விடாது.

களியைவிட, அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "தெனம் ரெண்டு மூணு வாட்டி வாந்தி வருது. ஆனா வெயிட்டு நல்லா எறங்குது. பேண்டு நல்லா வேலை செய்யுதுன்னு எங்க வூட்டுக்காரர் சொல்றாரு." கடைசியாகப் பேண்டை இறுக்கியதிலிருந்து மூன்று வாரமாக இதே கதை.

வேலூரில் டயட்டீஷியனாக இருக்கிறேன். இப்போது பேண்ட் போடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பெரும்பாலும் இரைப்பையையே வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் முறைதான். ஆனால் பல வருடங்களுக்கு முன்பு போட்ட பேண்டோடு நம் ஊர்களில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் தவறான நம்பிக்கை இதுதான்: வாந்தி வந்தால் பேண்ட் வேலை செய்கிறது, இறுக்கம் கூடினால் எடை இன்னும் குறையும்.

சரியாக இறுக்கிய பேண்ட் வாந்தி வரவைக்காது. கொஞ்சம் சாப்பிட்டதும் போதும் என்று தோன்ற வைக்கும், அடுத்த வேளை வரை பசியைத் தள்ளிப்போடும். அவ்வளவுதான் அதன் வேலை. வயிற்றுத் தோலுக்கு அடியில், வளையத்தோடு குழாயால் இணைந்த போர்ட் என்ற சின்ன ஊசி வாசல் இருக்கும். அதன் வழியே சலைனை, அதாவது உப்புநீரை, ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். ஆபரேஷன் முடிந்து பொதுவாக 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் முதல் தடவை ஏற்றுவார்கள். அப்புறம் ஆளைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வார்கள். படுத்தால் நெஞ்செரிச்சல், நடுராத்திரியில் இருமல், தலையணையில் புளித்த தண்ணீர், இட்லியே இறங்காமல் ஐஸ்கிரீம் மட்டும் இறங்குவது எல்லாம் இறுக்கம் கூடிப்போனதன் அடையாளம். வாயில் ஊறும் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் கவனித்தேன். நாற்காலியிலிருந்து எழுந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டார். கால் மரத்துப்போகிறது, நடந்தால் தள்ளாடுகிறது என்றார். வயசு நாற்பதுகூட ஆகவில்லை. வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் சில வாரங்களுக்கு மட்டுமே இருப்பு இருக்கும். விடாமல் வாந்தி எடுத்தால் அது தீர்ந்துபோகும். முதலில் கால் மரமரப்பு, தள்ளாட்டம். பிறகு பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, மனக்குழப்பம். சில நேரம் மூளையில் நிரந்தரப் பாதிப்பே வந்துவிடும்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று ஆபத்தாகிறது. அசதி என்றால் தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வோம். பி1 தீர்ந்துபோன உடம்பில் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்ச பி1-உம் அதைச் செரிக்கவே செலவாகி, நிலைமை மோசமாகலாம். முதலில் பி1 ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். டிரிப் போட வருகிறவரிடம், "எனக்கு வயித்துல பேண்ட் இருக்கு, பல நாளா வாந்தி" என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் போர்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொட்டால் கெட்டியாக, நெல்லிக்காய் மாதிரி கையில் தட்டுப்படும். என்னிடம் வந்த ஒருவருக்கு அதைக் கட்டி என்று நினைத்து ஊசி குத்தி உறிஞ்சப் பார்த்திருக்கிறார்கள். நல்லவேளை, இவரே கையைத் தட்டிவிட்டாராம். போர்ட்டுக்கென்று தனி ஊசி உண்டு. சாதாரண ஊசி பட்டால் ஓட்டையாகிச் சலைன் கசியும். அந்த இடம் சிவந்து சீழ் பிடித்தாலும் அலட்சியம் வேண்டாம். வருடங்கள் கழித்துப் பிடிக்கும் சீழ், வளையம் இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போவதன் முதல் தடயமாக இருக்கலாம். திடீரென்று எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிட முடிகிறது என்றாலும் அதே சந்தேகம்தான். நேர்மாறாக, திடீரென்று எதுவுமே இறங்காமல் வயிற்றில் கடும் வலி வந்தால், கீழே இருக்கும் இரைப்பை வளையத்துக்கு மேலே நழுவி ஏறியிருக்கலாம். அதற்கு ரத்த ஓட்டம் தடைபட்டால் அவசர ஆபரேஷன்தான். சந்தேகமிருந்தால் பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் இடது தோள் வலித்தால் பலர் மாரடைப்பு என்று பயந்துவிடுகிறார்கள். சின்னத் துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலிதான் பெரும்பாலும் அது, நடக்க நடக்கப் போய்விடும். காய்ச்சல், படபடப்பு, மூச்சிரைப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தால் அப்படி விடக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குப் பெரிய தலைவலி ஆம்பூர் பிரியாணி இல்லை. அதன் கறித்துண்டு சிக்கினால் அவர்களே பயந்து அடுத்த தடவை தொட மாட்டார்கள். ஆற்காடு மக்கன் பேடாதான் பிரச்சினை. பாகில் ஊறி மெத்தென்று இருப்பதால் வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். ரோஸ்மில்க்கும் அப்படியே. கெட்டியானதைத்தான் பேண்ட் நிறுத்தும், சர்க்கரையை நிறுத்தாது. அப்புறம் தண்ணீர். கத்திரி வெயிலில் வேலூர் கொதிக்கும்போது மடக் மடக்கென்று குடிக்க இவர்களால் முடியாது. பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாய் வாயாக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும், சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் வேண்டாம்.

அன்றைக்கே அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பி1 ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, பேண்டிலிருந்து சலைனை எடுத்துவிட்டார்கள். வாந்தி அன்று சாயங்காலமே நின்றது. கால் மரமரப்பு குறைய மாதங்கள் ஆயின.

சமீபத்தில் வந்தபோது, களி என்ன ஆனது என்று கேட்டேன். மெல்ல மட்டும் வரவில்லையாம். அதையே மோரில் கரைத்துக் கூழாக்கி, ஸ்பூனால் சாப்பிடுகிறாராம். தொட்டுக்கொள்ளும் வெங்காயத்தை வீட்டுக்காரர் எடுத்துக்கொள்கிறாராம்.