கள்ளா, இளநீரா?

கல்லடியில் எங்கள் அடுத்த வளவு மாமி சுனாமியில் இரண்டு பேரைப் பறிகொடுத்தவர். கடல் இரைச்சல் கூடினால் இன்றைக்கும் படுக்கையை விட்டு எழும்பி வாசலில் வந்து குந்திவிடுவார். மெல்பேர்னில் இருக்கும் மகன் போனில் ஏதோ சொல்லியிருக்கிறான். "மனே, மனவருத்தத்துக்கு வெறிமருந்து குடுக்கிறாங்களாமே, மெய்யா?" என்று கேட்டார்.

மெய்தான். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல வைத்தியர்கள் மட்டும் இரண்டு மருந்துகளைக் கொடுக்கலாம். பேரதிர்ச்சி விட்டுப்போன மனவடுவுக்கு, 'எக்ஸ்டசி' என்ற போதைக் குளிசையில் இருக்கும் எம்.டி.எம்.ஏ.; மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு, சில காளான்களில் இருக்கும் சைலோசைபின். ஆனால் 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ., எம்.டி.எம்.ஏ.யைத் திருப்பி அனுப்பி, இன்னொரு பெரிய சோதனை செய்துவரச் சொல்லிவிட்டது.

சிக்கல் சோதனை முறையிலேயே இருக்கிறது. வழக்கமாகப் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெற்றுக் குளிசை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. சுகம் வரும் என்ற நம்பிக்கையே கொஞ்சம் சுகத்தைத் தந்துவிடும். அதைக் கழித்துப் பார்க்கத்தான் இந்த மறைப்பு. இந்த மருந்தை எப்படி மறைப்பது? ஒருவனுக்குக் கள்ளும் மற்றவனுக்கு இளநீரும் ஊற்றிக்கொடுத்து எதுவென்று சொல்லாமல் விட்டாலும், கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் விளங்கிவிடும். எம்.டி.எம்.ஏ. மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனத்தைப் பெருக்கெடுக்க வைக்கிறது, பயம் தணிகிறது. நெருங்கவே முடியாத நினைவை எடுத்துப் பேச முடிவது அதனால்தான் என்கிறார்கள். அந்த மாற்றம் உடம்புக்குத் தெரியாமல் போகுமா? எடுத்தவர்களில் பெரும்பாலானோர் சரியாகவே ஊகித்தார்கள்.

மனவடுவுக்கு எம்.டி.எம்.ஏ. கொடுத்துப் பார்த்து 2023இல் வெளியான சோதனையில் 104 பேர். ஏறத்தாழ எட்டு மணித்தியால மருந்து அமர்வு மூன்று. முன்னும் பின்னுமாக ஒன்றரை மணித்தியாலப் பேச்சு பன்னிரண்டு. கூட்டிப் பாருங்கள், 42 மணித்தியாலம்! பக்கத்தில் இரண்டு சிகிச்சையாளர்கள். முடிவில் மருந்து எடுத்தவர்களில் 71 வீதமானோர், நோய் என்று சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மற்ற எண். வெற்றுக் குளிசை விழுங்கி அதே 42 மணித்தியாலம் பேசியவர்களில் 48 வீதம். காலம், நம்பிக்கை எல்லாம் அதில் கலந்திருக்கும், சரி. இருந்தாலும் சின்ன எண்ணா அது?

மருந்து கிடைக்கும் வழி ஒடுக்கம். சோதனையில் சேர்வதென்றால் இருதய வருத்தம், சித்தப்பிரமை உள்ளவர்களை எடுக்கமாட்டார்கள். மனச்சோர்வுக் குளிசை எடுப்பவர்கள் வைத்தியர் மேற்பார்வையில் குறைத்து நிறுத்த வேண்டும், தன்பாட்டில் நிறுத்துவது ஆபத்து. ஆஸ்திரேலியாவில் காசு கட்டிச் செய்வதென்றால் பல்லாயிரம் டொலர். நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சையே இல்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். மாமி டொலர் கணக்கைக் காதில் வாங்கவே இல்லை.

"நாப்பத்திரெண்டு மணித்தியாலமா? கிளினிக் கொப்பியோட விடிய வெள்ளனப் போய் இருந்தா, எனக்கு உள்ளுக்க அஞ்சு நிமிசம்தானே மனே."