சைடு மிஷன்னா பக்கத் தேடலா? டாக்சி ஓட்டுறவன் என்னத்தப்பா தேடுறான்

பக்கத் தேடல், பக்கத் தேடல்னு ஒரு வார்த்தை இப்ப ரொம்ப நடமாடுது. வீடியோ கேம்ல மெயின் கதைக்கு வெளிய செய்யிற சின்ன வேலைகள இங்கிலீஷ்ல சைடு மிஷன், சைடு குவெஸ்ட்னு சொல்லுவாங்கல்ல, அதுக்கு வச்ச தமிழ்ப் பேராம். இஷ்டத்துக்கு ஊரு சுத்துற ஓப்பன் வேர்ல்டு கேம் பத்தி தமிழ்ல வீடியோ போடுறவங்க, அதுக்கு கீழ எழுத்து ஓட்டுறவங்க, விமர்சனம் எழுதுறவங்கன்னு ஆளாளுக்கு இதையே புடிச்சுக்கிட்டாங்க. கடைசியா நான் பாத்தது ஜிடிஏங்கிற கேம் வரிசைல வந்த சான் ஆண்ட்ரியாஸ் வீடியோ ஒண்ணு, ஆளு டாக்சிய எடுத்துக்கிட்டு ரோட்டோரம் நிக்கிற ஒருத்தர ஏத்துறான், கீழ "பக்கத் தேடல்: வாடகை மகிழுந்து ஓட்டுதல்"னு வருது. அம்புட்டும் தமிழ் வார்த்தைதான், சேத்து படிச்சா ஒண்ணும் வெளங்கல. தங்கச்சிமடத்துல ஆட்டோ ஓட்டுற என் மச்சான் எட்டிப் பாத்துட்டு "என்னத்த மாப்ள தொலைச்சான்?"னு கேட்டாரு. அவரு கேட்டதுல என்ன தப்பு? தேடல்னு போட்டா எதையோ தேடணும்ல.

வேர்ச்சொல் கதைய சீக்கிரம் சொல்லி முடிச்சுறேன். குவெஸ்ட்ங்கிறது லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது, தேடு, கேளுன்னு அர்த்தம், அந்த காலத்து வீரன் குதிரையேறி புனிதக் கிண்ணம் தேடிப் போறான் பாருங்க, அந்த மாதிரி கதைகள்ல இருந்து கேமுக்குள்ள வந்துருச்சு. மிஷனும் லத்தீன்தான், அனுப்புறதுன்னு அர்த்தம், ஒருத்தன் அனுப்ப இன்னொருத்தன் போய் முடிச்சுட்டு வர்றது. நம்ம பக்கம் மிஷன்னா தையல் மிஷன், இல்லாட்டி மிஷன் ஆஸ்பத்திரி. டாக்சி வந்தது டாக்சிமீட்டர்ல இருந்து, டாக்ஸான்னா கட்டணம், அதை அளக்குற மீட்டர் மாட்டுன வண்டி டாக்சி. அப்படிப் பாத்தா மீட்டர் போடாம பேசி ஏத்துற நம்ம ராமேஸ்வரம் வண்டி எதுவுமே டாக்சி கெடையாது, அது வேற விஷயம். கேப்னு சொல்றாங்களே அது காப்ரியோலேங்கிற குதிரை வண்டிப் பேரோட சுருக்கம், அதுக்கும் பின்னாடி போனா ஆடு துள்ளுற துள்ளல்னு அர்த்தம் வருது. அதே ஜிடிஏ வரிசைல வந்த வைஸ் சிட்டில 100 பேர ஏத்தி எறக்கி முடிச்சா டாக்சி அந்தரத்துல துள்ளும்ல, அதப் பண்ணுனவங்களுக்கு இது தெரிஞ்சிருந்துச்சோ என்னமோ, எனக்கு ரொம்ப புடிச்ச பொருத்தம் அது.

இப்ப கேமுக்குள்ள இது என்ன மாதிரி வேலைன்னு பாக்கணும், அத பாக்காம பேரு வச்சதுதான் கோளாறே. 2001ல வந்த ஜிடிஏ 3ல இருந்து சொல்றேன். தெருவுல போற டாக்சி ஒண்ண எடுத்துக்கிட்டு பிளேஸ்டேஷன் 2ல ஆர்3 பொத்தான அமுக்கணும், அமுக்குனா ஒரு ஆளு எங்கயாச்சும் கை காட்டுவான், ஏத்தணும், சொன்ன இடத்துல சொன்ன நேரத்துக்குள்ள எறக்கணும், காசு வரும், அடுத்த ஆளு. அம்புட்டுதான். யாரும் அனுப்பல, எதையும் தேடல, வில்லன் இல்ல, முடிவும் இல்ல, நம்ம சலிச்சு எறங்குற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். அந்த கேம் நடக்குற லிபர்ட்டி சிட்டில 100 பேர முடிச்சா போர்க்னைன்னு ஒரு தனி டாக்சி கெடைக்கும், சான் ஆண்ட்ரியாஸ்ல 50 முடிச்சா டாக்சிக்கெல்லாம் வேகத்த கூட்டுற நைட்ரோ வந்துரும். அதுக்கு அப்பறமும் ஓட்டிக்கிட்டே இருக்கலாம், யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டாங்க.

இதையும் வைஸ் சிட்டில காஃப்மன் கேப்ஸ்ங்கிற டாக்சி கம்பெனிய 40,000 டாலர் குடுத்து வாங்குனா வர்ற 3 மிஷனையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அதுல ஆளுக இருக்காங்க, போட்டி கம்பெனி இருக்கு, சண்டை இருக்கு, மூணாவதோட கதை முடியுது. ரெண்டுமே டாக்சிதான், ரெண்டும் ஒண்ணா? ரெண்டுக்கும் பக்கத் தேடல்னு ஒரே சட்டைய மாட்டிவிட்டா எப்படி.

சரி, பக்கம்ங்கிற வார்த்தைக்கு வர்றேன், எனக்கு முக்கியமான கோவமே இதுலதான். சைடுன்னா பக்கம்னு நேரா போட்டுட்டாங்க. தமிழ்ல பக்கம்னு முன்னாடி ஒட்டி வர்ற வார்த்தைகள கொஞ்சம் யோசிங்க. பக்கவாத்தியம், பக்கபலம், பக்கத்துணை, பக்கமேளம். இதுல பூராம் பக்கம்னா கூடவே வர்றதுன்னு அர்த்தம். பாடுறவரு பாடும்போது மிருதங்கமும் சேந்து வாசிக்கணும், அதுதான் பக்கவாத்தியம், பாட்டு நின்ன பிறகு தனியா டீக்கடையில போய் தட்டுனா அதுக்குப் பேரு பக்கவாத்தியம் இல்ல. டாக்சி ஓட்டும்போது மெயின் கதை ஒரு அடி நகருதா? நகராது. நம்ம கதைய அப்படியே போட்டுட்டுத்தான் டாக்சில ஏறுறோம். கூட வராத ஒண்ணுக்கு எப்படி பக்கம்னு பேரு? இன்னொரு பக்கம் பாத்தா பக்கவாதம், பக்கவிளைவு. அதுல பக்கவிளைவுங்கிறதே சைடு எஃபெக்ட்ட அப்படியே இழுத்துப் போட்டதுதான், அத ஆஸ்பத்திரிக்காரங்க புழங்கி புழங்கி பழக்கிட்டாங்க, அதுக்காக சைடுன்னு வர்ற எல்லாத்துக்கும் பக்கத்த ஒட்டிக்கிட்டே போனா சைடு டிஷ்ஷுக்கு பக்கத் தட்டும்பாங்க, நமக்கு தொட்டுக்கன்னு அழகா ஒரு வார்த்தை இருக்குறது மறந்தே போயிரும். போதாக்குறைக்கு பக்கம்னா புத்தகத்துப் பக்கமும்தான், பக்கத் தேடல்னு படிக்கிறவன் எந்த பக்கத்துல இருக்குன்னு தேடுறதாக்கும்னு நெனச்சா அவன் மேல தப்பே இல்ல.

துணைப் பணின்னு இன்னொரு கோஷ்டி இருக்கு. கம்ப்யூட்டர்ல விளையாடுறப்ப கீ மாத்துற மெனுல சப்மிஷன்னு போட்டிருக்கும், அத பாத்து போட்டிருப்பாங்க போல. சப்னா கீழ. துணைன்னா ஆதரவு. துணைவேந்தர் வேந்தருக்கு ஆதரவா இருக்காரு, துணைப்பாடம் பாடத்துக்கு ஆதரவா இருக்கு, சரி. டாக்சி யாருக்கு ஆதரவு? கையில நாலு காசு சேருதுன்னு வேணா சொல்லலாம், அதுவும் ஒரு மிஷன் முடிச்சா வர்ற காசுக்கு முன்னாடி நிக்காது. அப்பறம் பணி. பணிங்கிறது ஆபீஸ்ல குடுக்குறது, பணிநியமனம், பணிமூப்பு, பணிஓய்வு. ராத்திரி கதவ ஒடச்சு டாக்சிய திருடிக்கிட்டு ஓட்டுறவனுக்கு எந்த ஆபீஸ்ல பணிநியமன ஆணை குடுத்தாங்க?

கிளைன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதுக்கு நான் பாதி ஓட்டு போடுவேன். கிளைக்கதைன்னு நம்ம ஆளுக எம்புட்டோ காலமா சொல்றாங்க, பாரதக் கதைக்குள்ள வர்ற நளன் கதை கிளைக்கதைதான். அதுலயும் நளன் என்ன பண்றான்? நாட்ட தோத்துட்டு வாகுகன்னு பேர மாத்திக்கிட்டு அயோத்தி ராசா இருதுபன்னனுக்கு தேரோட்டுறான். விடியிறதுக்குள்ள விதர்ப்ப நாட்டுல எறக்கணும், ராசாவுக்கு மேலாடை பறந்து போச்சு, எடுங்கன்னு அவரு சொல்லி வாய மூடுறதுக்குள்ள தேரு 24 காதம் தாண்டிருச்சுன்னு நம்ம புகழேந்திப் புலவர் பாடி வச்சிருக்காரு. நேரக் கெடுவோட ஆளக் கொண்டு போய் எறக்குற கதை நமக்கு புதுசா என்ன! ஆகவே சைடு குவெஸ்ட்டுனா கிளைக்கதை, இதுக்கு மேல புது வார்த்தை செய்யவே வேணாம். காஃப்மன் மிஷன் மூணும் கிளைக்கதை. 2012ல ஜப்பான்ல வந்த யாகுஸா 5ங்கிற கேம்ல ஹீரோ கிரியு பேர மாத்திக்கிட்டு ஃபுகுவோக்கால டாக்சி ஓட்டுவாருல்ல, சிக்னல்ல நின்னு, இண்டிகேட்டர் போட்டு, ஏறுனவங்ககிட்ட பேச்சு குடுத்துக்கிட்டு, அதுவும் கிளைக்கதை, சொல்லப்போனா நளன் கதையேதான். ஆனா ஜிடிஏல ஆர்3ய அமுக்கி ஓட்டுறோமே அதுல கதையே இல்லையே, கதை இல்லாதத கிளைக்கதைன்னு எப்படி சொல்றது.

இதுக்கு வார்த்தை எங்க இருக்குன்னா கரையில இருக்கு. பாம்பன், மண்டபம், தொண்டி எங்க வேணா போய் கேளுங்க, தொழில்னா கடல்தான். "தொழிலுக்கு போகலையா"ன்னா கடலுக்கு போகலையான்னு அர்த்தம், வேற எந்த பொழப்பும் தொழில் கெடையாது, வேலைதான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம், விசைப்படகு கரையில கெடக்கும், அப்ப ஆளுக கட்டட வேலைக்கு போவாங்க, கேரளா பக்கம் போவாங்க, சில பேரு ஆட்டோ ஓட்டுவாங்க. ராமேஸ்வரத்துல மத்த மாசத்துலயும் விசைப்படகு வாரத்துல 3 நாளுதான் போகும், மிச்ச நாளு நாட்டுப்படகுக்கு, அந்த நாள்லயும் ஆட்டோவ எடுக்குற ஆளுக உண்டு. அவங்ககிட்ட என்ன தொழில்ணேன்னு கேட்டா கடல்னுதான் வரும். ஆட்டோவ பத்தி கேட்டா "சும்மா சில்லறை வேலைப்பா, ரெண்டு சவாரி அடிச்சா செலவுக்கு ஆகும்"பாங்க. இதுல எல்லாம் இருக்குல்ல? மெயின் மிஷன் தொழில். சைடு ஆக்டிவிட்டி சில்லறை வேலை. டாக்சி மிஷன் சவாரி. கேம்லயும் அப்படித்தான், ஹீரோவுக்கு தொழில் வேற, அது என்ன மாதிரி தொழிலுங்கிறது போலீஸுக்கு தெரியும், டாக்சி அவனுக்கு சில்லறை வேலை. இதே கணக்குல 1999ல செகா கொண்டு வந்த கிரேசி டாக்சில டாக்சிதான் தொழில், அதுல அத விட்டா வேற ஒண்ணுமே இல்ல. 2002ல வந்த மாஃபியாங்கிற கேம்ல ஹீரோவுக்கு ஆரம்பத்துல தொழிலே டாக்சி, பெறகுதான் கூட்டத்துல சேருறான், அங்க போய் டாக்சி ஓட்டுறத பக்கத் தேடல்னு எழுதுனா கதையே தலைகீழாயிரும். எழுதியும் இருக்காங்க, நான் பாத்தேன்.

சில்லறைன்னா மட்டமா இருக்கேம்பாங்க. இருக்கட்டும், கொஞ்சம் மட்டமான வேலைதானே அது. கைக்கு வர்றதும் சில்லறைதான்.

சவாரி மேல ஒரு புகார் நிச்சயமா வரும், அது தமிழ் இல்லைன்னு. தமிழ் இல்லதான், பாரசீகம், சவார்னா குதிரைல ஏறுனவன், உருது வழியா நம்மகிட்ட வந்துச்சு. ராமேஸ்வரம் தீவுக்கு 1988ல ரோட்டுப் பாலம் தொறக்குற வரைக்கும் ரயில விட்டா படகுதான், அந்த காலத்துல கோயிலுக்கு வர்ற வடநாட்டுக்காரங்கள ஏத்துன குதிரை வண்டிக்காரங்களும் சவாரின்னுதான் சொன்னாங்க, இன்னைக்கு ஆட்டோ ஸ்டாண்டுலயும் அதான். நானும் தமிழ்ல சொல்லணும்னு நெனக்கிற ஆளுதான், அதுக்காக ஸ்டாண்டுல நிக்கிற அத்தன பேரு வாயிலயும் இருக்குற வார்த்தைய புடுங்கிட்டு டிக்ஷனரியில பொறந்த வார்த்தைய திணிக்க எனக்கு மனசு வராது. அவ்வளவு சுத்தமா வேணும்னா வாடகை ஓட்டம்னு வச்சுக்கங்க. கார் ஓட்டுறவங்க "இன்னைக்கு ஓட்டமே இல்ல"ன்னு சொல்றதுதான, அதுவும் செருப்பு போட்டு ரோட்டுல நடந்த வார்த்தை. சவாரில இன்னொரு வசதி இருக்கு, "ஒரு சவாரி போனேன்"னா பயணம், "ஒரு சவாரி ஏறுச்சு"ன்னா ஆளு. இங்கிலீஷ்ல ஃபேர்னா காசும் ஏறுற ஆளும் ரெண்டும் சேத்துதான், கேம்லயும் ஃபேர்னுதான் வரும், அத "கட்டணம் 37 நிறைவு"ன்னு ஒரு மகராசன் எழுதிருக்காரு, 37 ரூவா கட்டுனாப்ல இருக்கு. 37 சவாரின்னா முடிஞ்சுச்சு. சென்னைல ஏறுற ஆள கிராக்கிம்பாங்க, அது நம்ம பக்கம் அவ்வளவா ஒட்டாது, வெல ஏறுனாத்தான் நமக்கு கிராக்கி.

மகிழுந்து பத்தி பேசாம விட முடியல. பிளெஷர் காருன்னு ஒரு காலத்துல சொன்னத வச்சு மகிழ்ச்சிக்கு உந்துன்னு மகிழுந்து செஞ்சாங்க, சொந்தக் காருல குடும்பத்தோட போறவனுக்கு சரி, வாடகை வண்டிக்கு அதையே நீட்டி வாடகை மகிழுந்துன்னா ஓட்டுறவன் மொகத்த பாத்துட்டு பேரு வச்சாங்களான்னு தெரியல. கீழக்கரைல துபாய் போய் டாக்சி ஓட்டுன ஆளுக இருப்பாங்க, டூட்டி முடிஞ்சு வர்றவங்ககிட்ட போய் மகிழுந்துன்னு சொல்லிப் பாருங்க. வாடகை வண்டின்னு சொன்னா சின்னப்புள்ளைக்கும் தெரியும், டாக்சின்னே சொன்னாலும் தமிழ்த்தாய் கோவிச்சுக்க மாட்டா. ஓப்பன் வேர்ல்டுக்கு திறந்த உலகம்னு போடுறாங்க, திறந்தவெளி சிறைச்சாலை மாதிரி கேக்குது, மூடுன உலகம்னு ஒண்ணு எங்க இருக்கு? அங்கிட்டும் இங்கிட்டும் இஷ்டத்துக்கு சுத்துறதுதான் அந்த கேமோட சங்கதி, சுத்தித் திரியிற ஆட்டம்னு சொல்லிட்டுப் போங்க, நீளமா இருந்தா என்ன. இவங்க எல்லாம் கேம விளையாடிப் பாக்காம, சொல்ல மட்டும் வெட்டி எடுத்து டிக்ஷனரில காட்டி பதில் வாங்குறாங்கன்னு நான் சந்தேகப்படுறேன். ஒரே ஒரு தடவ ஆர்3 அமுக்கி நேரம் முடியிறதுக்குள்ள ஒருத்தன கொண்டு போய் எறக்கிருந்தா தேடல்னு கை எழுதிருக்குமா?

மெனுல எடம் பத்தாதுன்னும் ஒரு சாக்கு சொல்லுவாங்க. "பக்கத் தேடல் நிறைவுற்றது"ன்னு திரைய அடைச்சுக்கிட்டு நிக்கிற எடத்துல "சவாரி முடிஞ்சது"ன்னு போட்டா எடம் மிச்சம்தான், "சவாரி எடுக்க ஆர்3", "அடுத்த சவாரி", "சவாரி எறங்கிருச்சு", நேரம் போயிருச்சுன்னா "சவாரி போச்சு". இது அஞ்சும் போதும் அந்த வேலைக்கு.