பத்து மணிக்கும் ஆறாத கூரை

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் ஓட்டைக் கழற்றிவிட்டுக் கொங்கிரீட் கூரை போடுவது திருகோணமலையிலும் வழக்கமாகிவிட்டது. பிறகு இன்னொரு மாடி எடுக்கலாம், குரங்கு உடைத்த ஓட்டை மாற்றும் வேலையும் மிச்சம். சரிதான். ஆனால் கச்சான் என்ற வறண்ட சுடுகாற்று வீசும் மாதங்களில் அந்த வீட்டுக்குள் படுத்துத் தூங்க முடிகிறதா?

1,000 சதுர அடிக்கு 5 அங்குலத் தடிப்பில் போட்ட கூரை ஏறக்குறைய 28 தொன் இருக்கும். பகல் முழுக்க அது வெயிலைக் குடிக்கிறது. மேலே ஏறிய சூடு அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் எடுக்கும். அதனால் வெயில் தாழ்ந்த பிறகுதான் உள்ளே கொதிக்கிறது, இரவு பத்து மணிக்கும் ஆறுவதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் சுடும் தோசைக்கல் மாதிரி. அந்தச் சூடு அகச்சிவப்புக் கதிராக நேரே நம் உடம்பில் விழுகிறது. ஃபேன் காற்றை அசைக்கும், கதிரைத் தடுக்காது. ஏசி போட்டாலோ, மேலிருந்து ஓயாமல் இறங்கும் இந்தச் சூட்டோடு அது இரவெல்லாம் மல்லுக்கட்ட வேண்டும். கரண்ட் பில் ஏறாமல் என்ன செய்யும்?

வெயில் கூரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவான வைத்தியம். கொங்கிரீட்டுக்கு மேலே இடைவெளி விட்டு ஓடோ தகரமோ போட்டால், சூடாவது அந்த மேல்கூரைதான். இடையில் ஓடும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். துணி காயப்போட மொட்டைமாடியில் தகரம் அடித்தவர்கள் தெரியாமலே நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். அதற்கு வசதியில்லையென்றால் வெள்ளைப் பூச்சு. வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மாரி முடிந்து பாசி படிந்த பிறகு மறுபடி பூச வேண்டும்.

அப்புறம் சுவர். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரை பாகையில் இருக்கிறோம். உச்சிச் சூரியன் ஏறத்தாழ தலைக்கு மேல்தான், ஆகவே வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சின்னத் தாழ்வாரமே போதும். மேற்கு வெயில் சரிந்து உள்ளே நுழையும். அந்தப் பக்கம் வேம்போ விறாந்தையோ வேண்டும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வருவதால்தான் கச்சான் சுடுகிறது. அது வீசும் நண்பகலில் யன்னலைச் சாத்தி, இரவில் திறப்பதே நல்லது.

சீமெந்தைக் குறைத்தாலும் சுற்றுச்சூழலுக்கு லாபமே. சீமெந்து செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருள் விடும் புகை போதாதென்று, கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது.

வளவு முழுக்க இன்டர்லொக் கல், அதாவது ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கும் கொங்கிரீட் கல், பதிப்பதுதான் எனக்குப் பிடிக்காத புது மோகம். திருகோணமலைக் கரையோரத்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நிலத்தடியில் உப்புநீரின் மேல்தான் நன்னீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு இறங்கி உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். மழைநீர் மண்ணில் இறங்காமல் வீதிக்கு ஓடினால் அந்த ஓரடி குறையும், கிணறு கரிக்கத் தொடங்கும். 1,000 சதுர அடிக் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தாலே 90 லீற்றருக்கு மேல் தண்ணீர். பீலி வைத்து, அழுக்கான முதல் மழையை விலக்கிவிட்டு, மீதியைத் தொட்டிக்கும் மண்ணுக்கும் விடலாம்.